ஆட்டின் ஏழு

"மாமா, உங்க சீட்டு பொய் சொல்றது சாமிக்குத் தெரியுமா?"

பக்கத்து வீட்டுச் சுடர்விழி இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. ஆட்டோ ஓட்டும் கமலக்கண்ணன், பிறந்தநாள் வீடுகளில் சீட்டு வித்தையும் காட்டுவான். "தெரியும். ஆனா காட்டிக் குடுக்க மாட்டாரு" என்று சிரித்து மழுப்பினான்.

இப்போது அவளுக்கு எட்டு வயது. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் கால் ஆபரேஷன். ஸ்ட்ரெச்சர் வந்து நின்றும், பிடித்த கட்டில் கம்பியை அவள் விடவில்லை.

"மாமா என் சீட்டக் கண்டுபுடிக்கட்டும். அப்பதான் போவேன்."

"காலையிலேர்ந்து இதே பாட்டுண்ணே" என்றாள் தாய் அஞ்சலாட்சி.

கமலக்கண்ணன் சட்டைப்பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தான். வித்தைக்கென்றே செய்த கட்டு. ஒன்று விட்டு ஒன்று, சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் ஏழு. அந்த ஏழுகள் மட்டும் மயிரிழை குட்டை. கட்டைவிரலால் சரசரவென்று விட்டால், பார்ப்பவருக்கு எல்லாம் வேறு வேறு சீட்டு. நிறுத்தச் சொன்ன இடத்தில் எப்போதும் ஏழுதான் நிற்கும். ஒரு மயிரிழைக்குள் இத்தனை வியப்பை வைத்தது யார் என்று அவனுக்கே ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும்.

"நிறுத்து!" என்றாள் சுடர்விழி. நின்ற சீட்டை உருவி, அம்மாவுக்கு மட்டும் காட்டிவிட்டுக் கட்டுக்குள் செருகினாள்.

அவன் விரலுக்கு அந்த மயிரிழை தட்டுப்படவே இல்லை. முருகா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, கலைத்து, மேல் சீட்டைத் திருப்பினான். ஆட்டின் ஏழு.

அவள் சீட்டைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஐ, இதேதான்! மாமா கில்லாடி!"

கம்பியை விட்டுவிட்டு ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டாள்.

கதவு மூடியதும் அஞ்சலாட்சி கண்ணைத் துடைத்தாள். "அண்ணே, அவ எடுத்தது கிளாவர் மூணு."

"இன்னாம்மா சொல்ற?"

"நான்தான் பாத்தனே. உங்க மூஞ்சி தொங்கிடக் கூடாதுன்னு பொய் சொல்லிட்டுப் போவுது."

கமலக்கண்ணன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தான். பயம் தீராத குழந்தை, அந்தப் பயத்தோடு அவனையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு உள்ளே போயிருக்கிறாள். கருவறை முன் நிற்பவனைப் போல, மூடிய கதவைப் பார்த்துக் கைகூப்பினான்.

மாலையில் அவள் கண் விழித்தாள், எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று கேட்ட பிறகே வீட்டுக்குப் போனான்.

வாசலிலேயே மனைவி மாலா பிடித்துக்கொண்டாள். உப்பளம் பகுதியில் ஒரு புத்தக பைண்டிங் கடையில் அவளுக்கு வேலை; பிசிறடித்த ஓரத்தைக் கண்டால் அவளுக்குத் தூக்கம் வராது. வித்தையின் ரகசியத்தை அவன் அவளுக்கும் சொன்னதில்லை.

"இன்னிக்கு சீட்டு கைக்கு எப்டிங்க இருந்துச்சி? ஒன்னு நீட்டு, ஒன்னு குட்டை. இத வச்சிக்கினு நாலு பேரு முன்னால நிக்கிறீங்களேன்னு, நேத்து கடை மெஷின்ல வச்சி எல்லாத்தையும் சமமா ஒரே வெட்டு!"

கோபம் நாக்கு நுனிவரை வந்தது. மாலா பதிலுக்காக அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதான பாத்தேன். வெண்ண மாதிரி வழுக்கிக்கினு ஓடுச்சி" என்றான்.

மாலா பூரித்துப்போய் காபி போட உள்ளே ஓடினாள். குழந்தையிடம் பட்ட கடனில் கொஞ்சம் அங்கே அடைந்ததை, அந்தப் பதிலைக் கேட்ட மாலா அறியவில்லை.