துவைக்காத சால்வை

"கொரோனாவாத்தான் இருக்கும், தனியா படுத்துக்கோங்க" என்று டாக்டர் போனிலேயே சொல்லிவிட்டார். ஒருவழியாகக் காய்ச்சல் இறங்கியது. மூக்கு மட்டும் வேலைக்கு வர மறுத்தது. மகள் தினமும் அறை வாசலில் காபியை வைத்துவிட்டு, "வாசனை வருதாப்பா?" என்று கேட்பாள்.

"வெந்நீர்தாம்மா குடிக்கிறேன்" என்பேன்.

நான் லாண்டரிக் கடைக்காரன். ஊரார் அழுக்கையெல்லாம் வெளுத்த நான், ஒரே ஒரு துணியை மட்டும் தண்ணீரில் நனைக்க விட்டதில்லை. அது போன வருஷம் போய்ச் சேர்ந்த என் மனைவியின் சால்வை. அவள் தலையெண்ணெயும் வியர்வையும் அதில் அப்படியே இருந்தன. தலையணைக்கடியில் வைத்திருந்தேன். மூக்கு திரும்பியதும் முதலில் அதைத்தான் முகர வேண்டும் என்று காத்திருந்தேன். மகளிடம் சொல்லவில்லை. கிழவனுக்கு வந்த ஆசையைப் பார் என்று சிரிப்பாளே!

இன்று காலை அறையைவிட்டு வெளியே வந்து குளிக்கப் போனேன். அந்த நேரத்தில் மகள் படுக்கையில் கிடந்த அத்தனையையும் வாரிக்கொண்டுபோய்க் கொதிக்கிற தண்ணீரில் போட்டிருக்கிறாள். சாயங்காலம் எல்லாவற்றையும் மடித்து எடுத்துவந்தாள். மேலாக அந்தச் சால்வை.

"அம்மாவோடது. ஒரே அழுக்குப்பா. உங்ககிட்ட கத்துக்கிட்ட தொழில்தானே, எப்படி வெளுத்திருக்கேன் பாருங்க!"

வாங்கி முகத்தில் புதைத்துக்கொண்டேன். சோப்பு வாசனை குப்பென்று அடித்தது.

"என்னப்பா, வாசனை வந்துடுச்சா?" என்றாள், முகமெல்லாம் மலர்ந்து.

"இன்னும் இல்லம்மா" என்றேன்.