ஓவர்டைம் நின்றுபோன பாண்டித்துரை

1

இந்தக் கதை எனக்கு மங்கலம் பஸ்ஸில் கிடைத்தது. முன்சீட்டுப் பெண் போனில் வக்கீலிடம் கத்திக்கொண்டிருந்தாள்: "அவருக்கு வேலை நேரம் கொறைஞ்சா பிள்ளைக்குப் பசி கொறைஞ்சிருமா மேடம்?" அவள் இறங்கிப் போய்விட்டாள். நான் இறங்க மறந்துவிட்டேன். அவளுக்குச் சித்ராதேவி என்று பெயர் வைத்தேன். மற்றதெல்லாம் கற்பனை.

2

'பனியன் ஆர்டர்கள் குறைந்த அந்தக் கோடையில்—'

வேண்டாம், செய்தித்தாள் வாடை அடிக்கிறது.

மறுபடியும். சித்ராதேவி ராஜபாளையத்துக்காரி, பனியன் கம்பெனியில் டெய்லர். கணவன் பாண்டித்துரை இன்னொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பிரிந்து மூன்று வருடம். ஆறாவது படிக்கும் மகள் அபிராமிக்கு மாதாமாதம் ஜீவனாம்சம் கட்டிவந்தவன், இப்போது கோர்ட்டில் மனுப் போட்டிருக்கிறான்: ஓவர்டைம் நின்றுவிட்டது, தொகையைக் குறைக்க வேண்டும்.

"அத்தனையும் பொய்" என்றாள் சித்ராதேவி.

(நானும் அவள் பக்கம்தான். வேறொரு கம்பெனியில் திருட்டுத்தனமாக வேலை பார்க்கும் வில்லனாக அவனை ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். ருசியாகத்தான் இருந்தது. அவன்தான் ஒத்துழைக்கவில்லை.)

3

கையும் களவுமாகப் பிடிக்க, அவன் கம்பெனி இருக்கும் முதலிபாளையத்துக்கே போனாள். பொழுது சாயும் முன்பே கம்பெனி கேட்டைப் பூட்டிவிட்டார்கள். எல்லோரும் கலைந்த பிறகும் பாண்டித்துரை மட்டும் எதிர் பேக்கரி வாசலில், பைக்மேல் உட்கார்ந்திருந்தான்.

"ரூமுக்குப் போகலையா?"

திடுக்கிட்டு எழுந்தான். "போயி என்ன செய்ய? முன்னெல்லாம் போனதும் அசந்து தூங்கிருவேன். இப்ப செவுத்தையே பாத்துக்கிட்டு உக்கார முடியல, சித்ரா."

அவள் மனம் இளகி—

இல்லை, அடித்துவிடுகிறேன். மனமெல்லாம் இளகவில்லை. அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அந்த நொடியில்தான் எனக்கும் வந்தது. நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்!

4

வக்கீல் கீதாஞ்சலிக்கு நம்பிக்கை வரவில்லை. "ஏனுங்க, குறைக்கச் சம்மதம்னா சொல்றீங்க?"

"காசைக் கொறைச்சுக்கட்டும் மேடம். மிச்சமான நேரத்தப் பிள்ளைக்குக் குடுக்கட்டும். சாயங்காலம் வாலிபால் பிராக்டிஸ் முடிஞ்சதும் கூட்டிட்டுப் போகணும், சோறு போடணும், பாடம் பாக்கணும். எங்க கம்பெனியில ஓவர்டைம் இருக்கு. பிள்ளைய விட்டுட்டு என்னால இருக்க முடியாமத்தான் இத்தன நாளும் வேண்டாம்னேன். இனி அத நான் பாப்பேன்."

"பாப்பா ஒத்துக்குமுங்களா?"

"கேட்டேன். 'பாப்போம்'ங்கிறா."

கோர்ட்டில் நீதிபதி பாண்டித்துரையின் பக்கம் திரும்பினார். கேள்வி முடியும் முன்பே, "சம்மதங்கய்யா!" என்றான். வெளி வராந்தாவில் நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

5

முதல் முடிவு: அபிராமி ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொள்கிறாள். (மூன்று வருடம் விலகியிருந்த அப்பாவுக்கு இது அநியாய மலிவு.)

இரண்டாம் முடிவு: அவனைத் தாண்டி நடந்தே போய்விடுகிறாள். (எழுதிய எனக்கே பொறுக்கவில்லை.)

இரண்டையும் கிழித்துவிட்டேன். இப்போது இருப்பது இவ்வளவுதான்: பள்ளிக்கூட கேட். பாண்டித்துரை கையில் ஒரு குட்டி ஹெல்மெட், ஸ்டிக்கர்கூட உரிக்காதது. வியர்த்த முகத்தோடு அபிராமி வருகிறாள். பார்த்துவிட்டாள். நின்றுவிட்டாள். அவன் ஹெல்மெட்டை நீட்டுகிறான்.

இனி நீங்கள் எழுதுங்கள். சீக்கிரம்! அவள் ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறாள்.