ஏற்றத்தில் நின்றுவிடும் வண்டி

மீட்டரின் இரண்டு ஊசிகளையும் பேட்டரி முனைகளில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான் இசாவோ. சாவுக்கென்று போட்டுக்கொண்ட கறுப்புக் கோட்டு அண்ணன் வீட்டுக் கொட்டகை ஆணியில் தொங்கியது. கறுப்பு டையை எண்ணெய் படாதபடி தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டிருந்தான். பன்னிரண்டு புள்ளி ஆறு வோல்ட். பேட்டரிக்கு ஒரு கேடும் இல்லை. பத்து மணிக்கு அண்ணனை எடுத்துப்போகச் சவ வண்டி வந்துவிடும். இன்னும் மூன்று மணி நேரம்தான் இருந்தது. அதற்குள் இந்த மோட்டார் சைக்கிள் ஏன் நின்றது என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும்.

முந்தாநாள் காலையில் கட்சுயா அண்ணன் இதை எடுத்துக்கொண்டு கணவாய்ச் சாலையில் கிளம்பினார். அறுபத்து மூன்று வயது. தபால் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மழை, வெயில் பார்க்காமல் ஹொக்கைதோ முழுக்க இந்த வண்டியில்தான் சுற்றிக்கொண்டிருந்தார். மத்தியானம் வழியில் செத்துக் கிடந்தார். டாக்டர் இதயம் என்று எழுதிக் கொடுத்தார். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் இதயம் நின்றதால் வண்டி நின்றதா, வண்டி நின்றதால் இதயம் நின்றதா? வண்டி முந்நூற்றறுபது கிலோ. அதை அவர் ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போனதாகப் போலீஸ் சொன்னது; தள்ளினால் இருபது வயதுக்காரனுக்கே நாக்குத் தள்ளிவிடும்.

கடைசியாக இந்த வண்டியில் கை வைத்தவன் இசாவோதான். ஷின்டொகு ஊரில் கோதுமை அறுக்கிற இயந்திரம், டிராக்டர் எது நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஆகஸ்டில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை இதே கொட்டகையில் குப்புறவும் மல்லாக்கவும் கிடந்து வேலை பார்த்தான். டேங்க்குக்குள் தண்ணீர் இறங்கித் துரு பிடித்திருந்தது. டேங்க்கைக் கழற்றி, துருவை அலசி, பெட்ரோல் வடிகட்டியையும் குழாயையும் புதிதாகப் போட்டு, பழைய இடத்தில் உட்கார வைத்தான். அன்றைக்கு அண்ணனை ஒரு பிடி பிடித்தான்.

"ஏண்ணே, கொட்டுற மழையில எவனாவது டேங்க் மூடியத் திறப்பானா? மூளைய பென்ஷனோட சேத்துக் குடுத்துட்டியா?"

"பங்க்ல கூரை ஒழுகுச்சுடா."

"ஒழுகினா ஒழுகாத பங்க்குக்குப் போ. இனிமே மழையில திறந்தே, நான் இந்தப் பக்கமே வர மாட்டேன்."

அண்ணன் சிரித்துக்கொண்டே அவனுக்கு பீர் ஊற்றிக் கொடுத்தார். திட்டு வாங்கினாலும் ஊற்றிக் கொடுக்கிற ஆள்.

இசாவோ பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். பொறி நீலமாக, பளிச்சென்று விழுந்தது. கரண்டில் கோளாறு இல்லை. கார்புரேட்டரின் அடித் திருகைத் தளர்த்தினான். பெட்ரோல் சுத்தமாக வந்தது, சொட்டுத் தண்ணீர் இல்லை. ஃப்யூஸ்கள் எல்லாம் முழுசாக இருந்தன. சாவியைத் திருப்பி செல்ஃபை அழுத்தினான். தொட்டதும் வண்டி கிளம்பியது. முப்பது வருஷத்து இயந்திரம், இருமல் கூட இல்லை. கால் மணி நேரம் ஓடவிட்டான். ஓடிக்கொண்டே இருந்தது.

அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். தலை சுற்றியதுதான் மிச்சம். கோளாறு இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். கோளாறே இல்லாததை எங்கே போய்த் தேடுவது?

சத்தம் கேட்டு அண்ணி கிமியே கொட்டகை வாசலுக்கு வந்தாள். கறுப்பு கிமோனோவின் மேல் சமையலறை ஏப்ரனைக் கட்டியிருந்தாள். ஒரு நொடி அவள் முகம் வாசலில் யாரோ வந்து இறங்கிவிட்டதுபோல் மாறி, உடனே வாடிவிட்டது. இசாவோ அவசரமாகச் சாவியைத் திருப்பி அணைத்தான். அவனுக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"மன்னிச்சுக்குங்க அண்ணி. யோசிக்காம..."

"நல்லாத்தானே ஓடுது?"

"நல்லா ஓடுது. அதான் புரியல."

அவள் டேங்க்கின் மூடியைப் பார்த்தபடி நின்றாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று அவன் காத்திருந்தான். "கையில கரி. சட்டையில பட்டுடப்போகுது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எட்டு மணிக்கு ஹசேபே வந்தான். பால் லாரி ஓட்டுகிறவன். அண்ணனின் சிநேகிதன், அவனும் மோட்டார் சைக்கிள் பைத்தியம். இந்த வண்டிக்குக் 'கட்சுயாவின் சின்ன வீடு' என்று பெயர் வைத்தவனே அவன்தான். அண்ணனைக் கண்டெடுத்தவனும் அவன்தான். நேராகக் கொட்டகைக்கு வந்து, கவிழ்த்துப் போட்ட பால் கேனில் உட்கார்ந்தான்.

"என்ன கண்டுபிடிச்சே?"

"ஒண்ணும் இல்ல. எல்லாம் சரியா இருக்கு."

"கரண்டுதான்டா. இந்தக் காலத்து வண்டி நின்னாலே ஏதோ ஒயர்தான்."

"பழைய வண்டிங்க இது. பொறி நீலமா விழுது."

"அப்போ நின்னிருக்காது."

"நீங்கதானே, தள்ளிட்டிருந்தார்னு போலீஸ்கிட்ட சொன்னீங்க?"

ஹசேபே தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தான். "தள்ளிட்டுதான் இருந்தான். நல்ல மழை. நான் லாரிய மேல ஏத்திட்டுப் போறேன், அவன் ஓரமா ஏத்தத்துல தள்றான். ஹாரன் அடிச்சேன். கையத் தூக்கினான்." அதேபோலத் தன் கையைத் தூக்கிக் காட்டினான். "நம்ம மோட்டார் சைக்கிள் ஆளுங்க எதிர்ல பாத்தா தூக்கிக் காட்டுவோமே, அப்படித்தான் நினைச்சேன். நானும் தூக்கிட்டுப் போய்ட்டேன். இப்ப யோசிச்சா, நில்லுன்னு சொன்னானோ என்னவோ. எனக்கே விளங்கல."

"எங்க வெச்சுப் பாத்தீங்க?"

"கீழ. அந்தப் பனி சரிஞ்சு விழாம இருக்க ரோட்டு மேல கூரை போட்டிருக்கே, அதுக்கு முன்னூறு மீட்டர் கீழ. பால இறக்கிட்டுத் திரும்பி வர்றப்போ கூரைக்குள்ள இருந்தான். வண்டி ஸ்டாண்டுல நிக்குது. பக்கத்துல இவன் சாஞ்சு உக்காந்திருக்கான், தூங்கற மாதிரி. டேங்க் மூடி திறந்திருந்துச்சு, சாவி அதுலயே தொங்குச்சு. பெட்ரோல் தீந்துபோச்சானு பாத்திருக்கான் போல. பாதி டேங்க் இருந்துச்சு. நான்தான் மூடினேன்."

இசாவோ ஸ்பேனரைக் கீழே வைத்தான். பாதி டேங்க் இருக்கிறது என்று காட்ட முன்னால் முள் இருக்கிறது. மூடியைத் திறந்து எட்டிப் பார்க்க என்ன இருக்கிறது? அதுவும் மழையில் முந்நூறு மீட்டர் தள்ளிக்கொண்டு போய்?

"ஹெல்மெட்ட எடுங்க" என்றான்.

"டேய், எங்கடா? இன்னும் ரெண்டு மணி நேரத்துல தூக்கணும்."

"நின்ன இடத்துல எல்லாம் நல்லாத்தான் ஓடுது. ஏத்தத்துல என்ன பண்ணுதுனு பாக்கணும்."

அண்ணனின் ஹெல்மெட் அவனுக்குப் பெரிதாக இருந்தது. ஊருக்குப் பின்னால் பனிச்சறுக்கு மேட்டுக்குப் போகிற சாலையில், வெள்ளைச் சட்டையும் கறுப்பு டையுமாக வண்டியைத் திருப்பினான். பக்வீட் என்கிற தானிய வயலில் அறுவடை வேலையாக நின்ற ஒருத்தர் அண்ணனின் வண்டியைப் பார்த்துத் தன்னையறியாமல் கையை உயர்த்தி, பாதியில் இறக்கிக்கொண்டார்.

சமவெளியில் வண்டி வெண்ணெய்போலப் போனது. மேட்டில் ஆக்சிலேட்டரை முறுக்கினான். முதல் வளைவு, இரண்டாவது வளைவு. மூன்றாவதில் ஒரு திணறல். முறுக்க முறுக்க வேகம் குறைந்தது. பிறகு மூச்சு நின்றதுபோல எல்லாம் அடங்கிவிட்டது. வண்டியைச் சாய்ந்துவிடாமல் பிடித்து ஓரங்கட்டுவதற்குள் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது.

செல்ஃபை அழுத்தினான். சுற்றியது, பிடிக்கவில்லை. கரண்டு இருக்கிறது. குனிந்து கார்புரேட்டரின் அடித் திருகைத் திறந்தான். நாலு சொட்டு விழுந்து நின்றுவிட்டது. டேங்க்கில் கிட்டத்தட்டப் பாதி பெட்ரோல், ஆனால் கீழே இறங்கவில்லை. அவனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி கொஞ்ச நேரம் நின்றான். பிறகு சாவியை மூடியில் போட்டுத் திருப்பினான்.

டேங்க் ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுத்தது. சாலை அமைதியாக இருந்ததால் அது நன்றாகக் கேட்டது. மூடியை மூடி செல்ஃபை அழுத்தினான். வண்டி கிளம்பிவிட்டது.

டேங்க்குக்கு அடியில் விரலை விட்டுத் துழாவினான். உள்ளே காற்று போவதற்கென்று பென்சில் பருமனில் ஒரு ரப்பர் குழாய் உண்டு; காற்று போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். அது டேங்க்கின் அடித்தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது. முழுக்க நசுங்கவில்லை. சமவெளிக்குப் போதுமான காற்று போகும். ஏற்றத்தில் பெட்ரோல் வேகமாகக் குறையும்போது போதாது. ஆகஸ்டில் டேங்க்கைத் திரும்ப வைத்தவன் குழாயை ஒதுக்கிவிட மறந்திருக்கிறான். அவன் யார் என்று வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மூடியைத் திறந்தால் வண்டி கிளம்பிவிடும் என்பது அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் தள்ளியிருக்கிறார். மழையில் திறக்கக் கூடாது என்று தம்பி திட்டியிருந்தான். கூரை தேடிப் போயிருக்கிறார். திறந்தும் விட்டார். அதற்கு மேல் முடியவில்லை.

தெரிந்திருந்தால் ஏன் என்னிடம் சொல்லவில்லை? இசாவோ வளைவில் நின்று இதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டான். கோபம் வந்தது. செத்தவர் மீது கோபப்படுகிறோமே என்று வெட்கம் வந்தது. பிறகு அழுகை வந்தது. எது முதலில், எது பிறகு என்று அவனால் பிரிக்க முடியவில்லை.

பத்து மணிக்கு அண்ணனை எடுத்தார்கள். பிட்சு ஓதினார், கும்பிட்டார்கள், பெட்டியை மூடினார்கள். இசாவோ தலைமாட்டுப் பக்கம் தூக்கினான். பெட்டியும் அண்ணனும் சேர்ந்து வண்டியின் எடையில் பாதி கூட இல்லை. அந்தக் கணக்கு அவனாகப் போட்டதல்ல, தானாக வந்தது.

எரியூட்டும் இடத்தில் ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் அறையில் உறவுக்காரர்கள் சோற்று உருண்டைகளைப் பிரித்தார்கள், பீர் திறந்தார்கள். யாரோ கட்சுயா ஒருமுறை தபால் பையோடு வயலுக்குள் பாய்ந்த கதையைச் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். ஹசேபே மட்டும் சிரிக்காமல் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி ஜன்னலோரம் தேநீர்க் குவளையோடு தனியாக இருந்தாள். இசாவோ பக்கத்தில் போய் முட்டி போட்டு உட்கார்ந்தான்.

"அண்ணி, வண்டி நின்னதுக்குக் காரணம் நான்தான்."

அவள் திரும்பவில்லை.

"டேங்க்க மாட்டறப்போ காத்துக் குழாய நசுக்கிட்டேன். அதனால..."

"ஏத்தத்துல நின்னுடும். மூடியத் திறந்து மூடினா போகும்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஆகஸ்ட் கடைசியிலேயே தெரியும். நானும் பின்னாடி உக்காந்து போயிருக்கேனே. ரெண்டு தடவை நின்னுச்சு. தம்பிகிட்ட சொல்லுங்கன்னேன். 'ரெண்டு ஞாயித்துக்கிழமை தரையில கிடந்து செஞ்சிருக்கான், தப்பா செஞ்சேன்னு எப்படிச் சொல்றது? அறுவடை முடியட்டும், அவனுக்கும் வேலை குறையும், அப்பச் சொல்லிக்கலாம்'னார். மூடியத் திறக்கறதுல என்ன வந்துடப்போகுதுன்னு சிரிச்சார்."

"சொல்லியிருந்தா பத்து நிமிஷ வேலை அண்ணி."

"தெரியும். உன் நம்பர் எனக்கும் தெரியும். நானே ஒரு போன் பண்ணியிருக்கலாம். புருஷன் வேண்டாம்னு சொன்ன விஷயத்த எதுக்குப் பேசணும்னு விட்டுட்டேன்."

"காலையில கொட்டகையில ஏன் சொல்லல?"

"ஓடுதுன்னியே. ஓடட்டும்னு நினைச்சேன்." குவளையைக் கீழே வைத்தாள். "இப்ப என்கிட்ட என்ன கேக்கறே? நீதான் கொன்னேன்னு சொல்லணுமா, நீ இல்லைன்னு சொல்லணுமா? எனக்குத் தெரியல தம்பி. ரெண்டு நாளா யோசிக்கறேன். ஒரு நேரம் உன் மேல ஆத்திரமா வருது, ஒரு நேரம் அவர் மேல. என் மேல வர்றப்போதான் தாங்க முடியல."

இசாவோ தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். மன்னிப்புக் கேட்டால் அவளைப் பதில் சொல்ல வைத்ததாகிவிடும். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அவள் ஆறிப்போன தேநீரை எடுத்து முழுவதும் குடித்தாள்.

வெள்ளைக் கையுறை போட்ட ஊழியர் கதவைத் திறந்து வணங்கினார். எல்லாரும் எழுந்தார்கள்.

உள்ளே இன்னும் சூடு அடித்தது. தட்டில் அண்ணன் வெள்ளை எலும்புகளாகக் கிடந்தார். ஊழியர் சாப்பாட்டுக் குச்சிகள் போன்ற நீளமான குச்சிகளைக் கொடுத்து, பாதத்திலிருந்து தொடங்க வேண்டும், இரண்டு பேர் ஒரே எலும்பைச் சேர்ந்து எடுத்துக் கலயத்தில் வைக்க வேண்டும் என்று மெல்லிய குரலில் சொன்னார். முதலில் மனைவி. ஜோடிக்கு யார் என்று ஊழியர் சுற்றிலும் பார்த்தார். பிள்ளைகள் இல்லை. உறவுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இசாவோ ஒரு அடி பின்வாங்கி, ஹசேபேயின் மேல் இடித்துக்கொண்டு நின்றான்.

"தம்பி, நீ வா" என்றாள் கிமியே.

குதிகால் எலும்பின் ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை அவன் பிடித்தான். எடையே இல்லை. அவன் கை நடுங்கியதில் எலும்பு சரியப் பார்த்தது. அவள் குச்சியை இன்னும் இறுக்கி, அவன் கை நிலைப்படும்வரை அந்தரத்திலேயே நிறுத்தி வைத்தாள். பிறகு இரண்டு பேரும் ஒரே அளவு அடி வைத்துக் கலயம்வரை நடந்தார்கள். கலயத்தின் அடியில் சிறிய சத்தம் கேட்டது.

வழக்கப்படி அடுத்த ஜோடிக்கு இடம் விட வேண்டும். ஊழியர் அதைச் சொல்ல வாயெடுத்தார். கிமியே நகரவில்லை. இன்னொரு எலும்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, இசாவோவுக்காகக் காத்து நின்றாள்.