கட்டம் போட்ட பிள்ளையார் சுழி

உ

அம்பாசமுத்திரம்,
ஆவணி, 1999.

அன்புள்ள வாசகருக்கு,

நலம். நலமறிய ஆவல்.

1

இந்தக் கதை எனக்காகத் தோன்றியதில்லை. கேட்டு வாங்கப்பட்டது. போன மாதம் சாலோமி வீட்டுக்கு வந்திருந்தாள். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் கணிப்பொறி சொல்லிக்கொடுக்கும் சாலோமி [இதை இங்கே சொல்லக்கூடாது. முடிவு தெரிந்துவிடும். நல்ல பிரதி எழுதும்போது அடித்துவிட வேண்டும்] வாழைக்காய் பஜ்ஜியைப் பிட்டுக்கொண்டே சொன்னாள்.

"ஏட்டி சங்கரி, நம்ம அட்டைக் கதைய எழுதேன். என் கிளாஸ் பிள்ளைகளுக்குச் சொன்னா நம்ப மாட்டேங்குதுவோ."

எனக்குக் கடிதம்தான் எழுத வரும் என்றேன். இந்த ஊர்ப் பள்ளியில் எங்களுக்கு அதைத்தான் அழுத்தமாகக் கற்றுக்கொடுத்தார்கள்: மேலே உ, வலது பக்கம் ஊரும் நாளும், பிறகு விளி, பிறகு நலம், அதற்குப் பிறகுதான் விஷயம். இந்த வரிசை இல்லாமல் எனக்குப் பேனா ஓடாது.

"அப்ப படிக்கிறவங்களுக்கு லெட்டராவே எழுது" என்றாள்.

ஆகவே இது.

2

தொடக்கம், முதல் முயற்சி: 1996ஆம் ஆண்டு திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் வெயில் கொளுத்திக்கொண்டு—

நிறுத்திவிட்டேன். வெயிலில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.

இரண்டாம் முயற்சி: பயனர் இடைமுகம் எனப்படுவது மனிதனும் கணிப்பொறியும் ஒருவரை ஒருவர் சந்திக்கும்—

இது பரீட்சைத் தாள். மதிப்பெண் கிடைக்கும், வாசகர் கிடைக்க மாட்டார்.

மூன்றாவதாக, நேராகவே சொல்கிறேன். நானும் சாலோமியும் பி.எஸ்சி. கணிப்பொறி அறிவியல் கடைசி வருடம். இருவரும் சேர்ந்து ஒரு புராஜெக்ட் செய்ய வேண்டும். பஸ் ஸ்டாண்டில் விசாரணை ஜன்னலுக்குப் பதிலாக ஒரு திரை: விரலால் தொட்டால் எந்த வண்டி எப்போது என்று காட்டும். அதுதான் எங்கள் எண்ணம். எங்கள் கல்லூரியில் இருந்த எந்தக் கணிப்பொறியும் தொட்டால் திரும்பிப் பார்க்காது என்பது எங்களுக்கும் தெரியும்.*

* சாலோமி அப்போது சொன்னது: "நம்மகிட்ட இல்லாததுக்குத் திட்டம் போடுறதுல ஒரு வசதி இருக்குட்டி. ரிப்பேர் ஆகாது."

3

இங்கே ஆபத்தைச் சொல்லிவிட வேண்டும். கடிதத்தில் முக்கியமான செய்தியைக் கடைசி வரிக்கு வைப்பவர்கள் மீது எனக்குக் கோபம் வரும்.

புராஜெக்ட் திட்டத்தில் வெள்ளிக்கிழமைக்குள் வழிகாட்டி கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் மதுரையில் ஒரு கம்பெனிக்குப் போய், அவர்கள் தருகிற வேலையைச் செய்துகொண்டு வர வேண்டும். எனக்கு மதுரையில் மாமா வீடு இருந்தது. சாலோமிக்கு யாரும் இல்லை. ஏரலில் அவள் அப்பா, ஹாஸ்டல் வரைக்கும் விட்டதே பெரிது, மதுரை என்ற பேச்சே கிடையாது என்று சொல்லிவிட்டார். புராஜெக்ட் இல்லையென்றால் பட்டம் இல்லை. பட்டம் இல்லையென்றால் அவள் ஏரலுக்குத் திரும்ப வேண்டும்; அங்கே ஒரு மாப்பிள்ளை வீட்டார் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை முழுக்க அவளுடையது. நான் துணைக்கு இருந்தேன், அவ்வளவுதான்.

4

வழிகாட்டி தேவதாசன் சார். [இவரைக் கடுமையான ஆளாக எழுதினால் கதைக்கு வசதி. இரண்டு முறை அப்படி எழுதியும் பார்த்தேன். பொய்யாக இருந்தது. தனக்கு ஒதுக்கிய லேப் நேரத்தை எங்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வராந்தாவில் நின்று விடைத்தாள் திருத்திய மனிதர் அவர். இன்றைக்கும் நன்றியோடுதான் நினைக்கிறேன்.] ஆனால் எங்கள் திட்டத்தைப் படித்தபோது அவர் நெற்றி சுருங்கியது உண்மை.

முதலில் பஸ் ஸ்டாண்டில் நின்று ஜனங்கள் எப்படி விசாரிக்கிறார்கள் என்று பார்ப்பது. பிறகு திரைகளை அட்டையில் வரைவது. அந்த அட்டைகளை யாரிடமாவது கொடுத்துத் தொடச் சொல்வது. அவர்கள் தடுமாறும் இடங்களைத் திருத்தி மறுபடி வரைவது. புரோகிராம் எழுதுவது கடைசி மாதத்தில். இதுதான் திட்டம்.

"படம் வரையுததுக்கா பட்டம் கொடுக்காங்க?" என்று கேட்டார்.

சாலோமி, எழுதின புரோகிராமைக் கிழிக்க மனசு வராது, அட்டையைக் கிழிக்க வரும் சார் என்றாள். அவர் திட்டத்தை மூடி வைத்தார். சரி, வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டரே தெரியாத ஒருத்தரை நான் கூட்டிவருகிறேன், உங்கள் அட்டையைத் தொட்டு அவர் வண்டியைக் கண்டுபிடித்துவிட்டால் கையெழுத்து என்றார். ஒரே ஒரு தடவை.

5

அட்டைகள் புதுச் சட்டைக்குள் மடிப்பு கலையாமலிருக்க வைக்கிற அட்டைகள். டவுனில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்த என் சித்தப்பா கொடுத்தார். ஒவ்வொரு அட்டையும் ஒரு திரை. நான் பென்சிலில் வரைவேன். சாலோமி ஸ்கெட்ச் பேனாவால் அதன் மேல் எழுதி, தொட வேண்டியதையெல்லாம் கட்டம் போட்டு முடிப்பாள்.

வெறும் அட்டையைக் கண்டால் என் கை என்ன செய்யும்? மேலே உ போட்டது. எல்லா அட்டையிலும். கை பாட்டுக்குப் போட்டது. நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

சோதனையில் சாலோமிதான் கணிப்பொறி. எதிரே இருப்பவர் ஒரு கட்டத்தைத் தொட்டால் அதற்குரிய அட்டையை எடுத்து முன்னால் வைப்பாள். கணிப்பொறி பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, கண்ணால்கூட வழி காட்டக்கூடாது. இந்த விதியைத் திட்டத்தில் எழுதியதே அவள்தான்.

6

தேவதாசன் சார் கூட்டிவந்தது தமிழ்த்துறை குமரகுருபரன் ஐயாவை. கல்லிடைக்குறிச்சிக்காரர், நெற்றி நிறையத் திருநீறு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் சாலோமியைக் கேட்டார், "என்ன தாயி, சாப்பிட்டாச்சா?"

சாலோமி அட்டைகளைப் பார்த்தபடி இருந்தாள்.

"என்ன வே, பிள்ளை பேச மாட்டேங்கு?" என்று சாரைக் கேட்டார்.

"அது கம்ப்யூட்டர் அண்ணாச்சி. பேசாது."

"சாப்பிட்டியான்னு கேட்டாக்கூடவா? வெளங்கும்."

மத்தியானத்துக்கு மேல் கல்லிடைக்குறிச்சிக்கு எந்த வண்டி என்று கண்டுபிடிக்கச் சொன்னார் சார். சாலோமி முதல் அட்டையை வைத்தாள். ஊர்ப்பெயர்கள், கட்டம் கட்டமாக. ஐயா எந்த ஊரையும் தொடவில்லை. அட்டையின் உச்சிக்குப் போய், உ இருந்த இடத்தில் விரலை வைத்து, அந்த விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன். உ. அதைச் சுற்றி, ஊர்ப்பெயர்களுக்கு இருப்பதைப் போலவே, அழகான ஒரு கட்டம்.

தொட்டால் கணிப்பொறி ஏதாவது செய்தாக வேண்டும். எங்கள் திட்டத்தில் அந்தக் கட்டத்துக்கு அட்டையே கிடையாது. சாலோமி முதல் அட்டையை எடுத்தாள். அதையே மறுபடி வைத்தாள்.

ஐயா திருப்தியாகத் தலையாட்டிவிட்டு 'பாபநாசம்' என்பதைத் தொட்டார். கல்லிடைக்குறிச்சி என்று தனிக் கட்டம் இருந்தது. ஆனால் அவர் ஆயுசு முழுக்க ஏறி இறங்கியது அந்த ஊர் வழியாகப் போகிற பாபநாசம் வண்டியில். நானும் அம்பாசமுத்திரத்துக்கு அந்த வண்டியில்தான் போய் வந்தேன், எனக்கே தோன்றவில்லை. பாபநாசம் அட்டை வந்தது. அதில் கல்லிடைக்குறிச்சி நேரம் இல்லை. திரும்பி வருவதற்கும் வழி இல்லை. திரும்பி வருவது என்று ஒன்று உண்டு என்பதே எங்கள் திட்டத்தில் இல்லை.

அவர் விரல் அட்டை மேல் அலைந்தது. சார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சாலோமியின் முகத்தை நான் பார்க்கவில்லை. [பார்த்தேன். எழுத வரவில்லை.]

"பிள்ளையாரப்பா, இப்படிக் கொண்டாந்து விட்டுட்டியே" என்று முனகிக்கொண்டே ஐயா மறுபடி மேலே போனார். உ.

சாலோமி முதல் அட்டையை எடுத்து வைத்தாள்.

"அட, ஏறின எடத்துக்கே கொண்டாந்து விட்டுட்டாரு" என்றார் ஐயா. இந்தத் தடவை பையப் படித்து, கல்லிடைக்குறிச்சியைத் தொட்டார். நேரங்கள் வந்தன. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு வண்டியை உரக்கச் சொன்னார்.

7

தேவதாசன் சார் திட்டத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு அட்டையின் உச்சியில் விரலை வைத்துக் கேட்டார். "இது திட்டத்துல உண்டுமா?"

உண்டு என்று சொன்னால் முடிந்தது. என் வாயில் அந்த வார்த்தை வந்துமிருந்தது. ஆனால் அவர் கேட்டது கணிப்பொறியை.

"இல்ல சார்" என்றாள் சாலோமி. "ஐயா தொட்டதுக்கு அப்புறந்தான் அதுக்கு ஒரு வேலை வந்துச்சு. அவுக வழி தெரியாம நின்னது நல்லதாப் போச்சு. இல்லன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது."

8

முடிவு, முதல் வகை: சார் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்— சினிமா.

இரண்டாம் வகை: திட்டத்தில் இல்லாதது செல்லாது என்று எழுந்து போனார். சாலோமி ஏரல் பஸ்ஸில்— இதை எழுத என் கை மறுக்கிறது.

மூன்றாம் வகை: சார் ஐயாவை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தார். "எனக்கும் ஒரு தரம் போட்டுக் காட்டு" என்றார். சாலோமி முதல் அட்டையை வைத்தாள். அவர் விரல் அட்டைக்கு மேலே நின்றது.

இத்தோடு நிறுத்துகிறேன். போன மாதம்தான் சாலோமியிடம் அந்தக் கட்டத்தைப் பற்றிக் கேட்டேன். இந்த மூன்று வருடமும் கேட்கவில்லை. அந்த உ-வையும் தொடுகிற பட்டனென்று நினைத்துவிட்டாயா என்றேன்.

"தெரியாமலாட்டி இருக்கும்? நீ எழுதினத அழிக்க மனசு வரல. சும்மா விட்டா அது மட்டும் தனியா நிக்கும்னுதான் ஒரு கட்டம் போட்டேன்" என்றாள். பஜ்ஜியில் அவளுக்குப் பிடித்த ஓரத்தை எனக்கு ஒதுக்கி வைத்தாள்.

இதற்கு நன்றி எழுதும் வரிசை எனக்கு எந்தப் பள்ளியிலும் சொல்லித்தரப்படவில்லை. அதனால்தான் கதை.

சார் எதைத் தொட்டார் என்பதை உங்களிடம் விடுகிறேன். அவர் நாற்காலியில் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். முதல் பகுதியில் அடிக்க வேண்டும் என்று குறித்த வரியையும் அடிக்காமல் விட்டுவிட்டேன். வழி தெரியாவிட்டால் பதற வேண்டாம். இந்தத் தாளின் உச்சிக்குப் போங்கள். அங்கே உ இருக்கிறது. தொடுங்கள்.

சாலோமி முதல் அட்டையை எடுத்து வைப்பாள். பேச மாட்டாள்.

இப்படிக்கு,
சங்கரி