முதுகுக்குப் பின்னால் ஒரு கை

விரித்துத்தான் காட்டினேன் என்று சொல்லியாகிவிட்டது, சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு என்ன பிரயோசனம், முதலில் பத்து எடுப்பவர்களுக்கே ஆட்டம் என்கிற கடைசிச் சுற்றில் எட்டுக்கு ஏழு என்று முன்னால் இருந்தவர்கள் இப்போது எட்டுக்கு எட்டு, ஜோடியாக ஆடும் நெட்டை சின்னவளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை, கோபமாவது இருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பித்துக்கொள்ளலாம்... கை மூடியிருந்துச்சேக்கா என்றுதான் கேட்டாள், வெளியே மழை வருதா என்று கேட்பது போல அவ்வளவு சாதாரணமாக. அதற்குச் சின்னவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, வாய் முந்திக்கொண்டது. "இல்ல, விரிச்சுதான் காட்டினேன். நீதான் சரியா பார்க்கல." நீதான் சரியா பார்க்கல... எங்கேயோ கேட்ட பேச்சாக இருக்கிறதே, யார் சொன்னது, யாரிடம்? நெட்டை சரிக்கா என்று தலையாட்டிவிட்டுத் துண்டை எடுக்கப் போனாள். நடுவர் புள்ளியைச் சொன்னார். ஆடுகளத்தின் மூலையில் இருந்த கடிகாரம் இருபத்தைந்திலிருந்து இறங்கத் தொடங்கியது, அது பூஜ்யத்துக்கு வருவதற்குள் நெட்டை அடுத்த சர்வீஸைப் போட்டாக வேண்டும்.

அப்படியொன்றும் பெரிய ரகசிய வித்தை இல்லை, இரட்டையர் ஆட்டத்தில் எல்லோரும் செய்வதுதான். ஒருத்தி பின்னால் நின்று சர்வீஸ் போடுவாள், இன்னொருத்தி முன்னால் வலைக்கருகில் எதிராளிகளைப் பார்த்து நிற்பாள், நின்றபடியே ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சைகை காட்டுவாள். மூடிய கை என்றால் நின்ற இடத்திலேயே நிற்கிறேன். விரித்த கை என்றால் குறுக்கே பாய்கிறேன், நீ ஓடி வந்து என் இடத்தைப் பார்த்துக்கொள். ஊர் உலகமே இப்படித்தான் காட்டுகிறது, சின்னவள் வீட்டைத் தவிர. அவள் வீட்டில் தலைகீழ். அவளுக்கு ஒன்பது வயதும் அக்காவுக்குப் பதின்மூன்று வயதும் இருந்தபோது பின்கட்டுச் சுவரில் பந்தடித்துக்கொண்டே இரண்டு பேரும் கூடிப் பேசி முடிவு செய்தது அது, மூடிய கை என்றால் பந்தைப் பிடிக்கப் பாய்கிறேன், விரித்த கை என்றால் சும்மா நிற்கிறேன். சின்னப் பிள்ளைகள் யோசனை. அதை மாற்றுகிற எண்ணமே பிறகு வரவில்லை, அக்காவோடு பதினான்கு வருஷம் உலகத்தில் பாதியைச் சுற்றி ஆடியதெல்லாம் அந்தச் சைகையில்தான். நெட்டையோடு ஐந்து மாதம். ஐந்து மாதமாக ஊரார் சைகையை ஒழுங்காகக் காட்டிக்கொண்டிருந்த கை, எட்டுக்கு ஏழு என்றதும் பயத்தில் பழைய வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டிவிட்டது. பாய வேண்டும் என்று நினைத்தாள், கை மூடிக்கொண்டது, பாய்ந்தாள். நிற்கிறாள் என்று நம்பி நெட்டை தன் இடத்திலேயே நின்றாள். எதிரே குதிரைவால் போட்டவள் காலியாகக் கிடந்த வலது ஓரத்தைப் பார்த்துப் பந்தைத் தள்ளினாள், தள்ளக்கூட இல்லை, தடவி அனுப்பினாள்... அது துள்ளித் துள்ளி வேலிவரை போனது.

கடிகாரத்தில் இருபத்திரண்டு. தோற்றாலும் பரவாயில்லை என்று சொல்கிற நிலையிலா இருக்கிறாள்? காலையில் பயிற்சி முடிந்து பையை மூடும்போது நெட்டை மென்று விழுங்கிச் சொன்னாள், இன்னொரு ஆட்டக்காரி தன்னோடு சேர்ந்து ஆடக் கூப்பிட்டிருக்கிறாளாம், இருபத்தைந்து வயசுதானாம், இந்த ஆட்டம் முடிந்ததும் யோசித்துச் சொல்கிறேன் என்றாளாம். அதில் பாவமும் இல்லை குற்றமும் இல்லை, எல்லோரும் இப்படித்தான் சேர்கிறார்கள், இப்படித்தான் பிரிகிறார்கள். ஆனால் நெட்டை போய்விட்டால் முப்பத்து நாலு வயதுக்காரியை யார் கூப்பிடுவார்கள்? ஒற்றையர் ஆடுகிறவள் தனியாகவே கிழவியாகலாம், யாரையும் கேட்க வேண்டாம், இரட்டையர் ஆடுகிறவளுக்கு இன்னொருத்தி வேண்டும் என்று சொல்கிறவரைதான் வேலை. இந்த ஆட்டம் போனால் நெட்டை போவாள், நெட்டை போனால் ஆட்டமே போகும், அவ்வளவுதான் கணக்கு. அப்பா அப்போதே சொன்னார், ஒற்றையர் ஆட்டத்தில் பெயர் எடுத்தவர், வீட்டுக் கூடத்து அலமாரியில் மேல்தட்டு முழுக்க அவர் கோப்பைகள், நடுத்தட்டில் கைப்பந்து ஆடிய அம்மாவின் கேடயங்கள், அடித்தட்டில், செருப்பு வைக்கிற இடத்துக்கு நாலு விரல் மேலே, அக்காவும் இவளும் சேர்ந்து வாங்கியவை. டபுள்ஸ்ல ஒருத்தி ஆடுவா, இன்னொருத்தி ஒப்புக்குச் சப்பாணி என்பார், சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் கேட்கும்படி. யார் ஆடுகிறவள், யார் சப்பாணி என்று மட்டும் சொன்னதில்லை. சொல்லாமலே சின்னவளுக்குத் தெரியும், வலைக்கருகில் பாய்ந்து பாய்ந்து அடிக்கிறவள் அவள்தானே, படத்தில் விழுகிறவள் அவள்தானே.

அப்பா இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். ஆடுகளத்துக்குள் தப்பை ஒத்துக்கொள்ளாதே, ஒத்துக்கொண்டால் எதிராளிக்குத் தைரியம் வரும், உன் கை நடுங்கும், எதுவானாலும் வெளியே வந்து அழு. அதனால்தான் வாய் முந்திக்கொண்டதா? பழக்கம்தானே. இந்தச் சமாதானத்தைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நெட்டையின் பக்கம் நடந்தாள், இரண்டு பேரும் சேர்ந்து நின்று வாயை மறைத்து ஏதாவது பேசியாக வேண்டும், பேசாவிட்டால் ஜோடிக்குள் சண்டை என்று எதிராளிகளுக்குத் தெரிந்துபோகும். நடக்கும்போது முகம் பின்வரிசைப் பக்கம் திரும்பியது. சர்வீஸ் போடும் கோட்டுக்குப் பின்னால், மூன்றாவது வரிசையில் அப்பா, கையைக் கட்டிக்கொண்டு, யாரோ பெற்ற பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்க்கிற மாதிரி. பக்கத்தில் அக்கா. அக்கா என்ன செய்கிறாள்? வலது கையின் இரண்டு விரல்களை நெஞ்சில் வைத்து, டக் டக், இரண்டு தட்டு.

சின்னவளின் கால் ஒரு எட்டு தவறி விழுந்தது. அந்தத் தட்டு அவளுக்குத் தெரியும், பதினான்கு வருஷமாகத் தெரியும். புள்ளி போனதும் அக்கா அப்படித்தான் நெஞ்சில் தட்டுவாள், என் தப்பு என்று அர்த்தம், நான் சைகையைச் சரியாகப் பார்க்கவில்லை, நீ விடு, அடுத்ததைப் பார். சரி, ஆடும்போது தட்டினாள். இப்போது எதற்குத் தட்டுகிறாள்? அவள் ஆடவே இல்லையே, மூன்றாவது வரிசையில் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் எந்தத் தப்பைச் செய்தாள்... கோட்டுக்குப் பின்னால் இருக்கிறாள், நெட்டைக்குத் தெரிந்தது அத்தனையும் அவளுக்கும் தெரிந்திருக்கும், மூடிய கையைப் பார்த்தாள், பாய்ந்ததைப் பார்த்தாள், பந்து வேலிக்குப் போனதைப் பார்த்தாள், பார்த்ததும் அவள் கை தானாக நெஞ்சுக்குப் போயிருக்கிறது. தங்கையின் கை தப்பாகக் காட்டினால் அக்காவின் கை நெஞ்சுக்குப் போகும். அப்படியென்றால் அது எத்தனை வருஷத்துப் பழக்கம்?

கடிகாரத்தில் பதினெட்டு. இல்லை, இதை இப்போது யோசிக்கக் கூடாது, ஆட்டம் முடியட்டும். ஆனால் மனசு கேட்டால்தானே. போன வருஷம் முழுக்க அக்கா தட்டிக்கொண்டே இருந்தாள், ஆட்டத்துக்கு நாலு தடவை, ஐந்து தடவை, கால் இறுதிகளும் அரை இறுதிகளும் கைநழுவிப் போயின, ஒரு நாள் உடை மாற்றும் அறையில் சின்னவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்து சொல்லியேவிட்டாள். "உனக்குக் கண்ணு போயிடுச்சுக்கா. முதல்ல போய் டாக்டரைப் பாரு." சுற்றி ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அக்கா காலணியின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தாமலே சரி பார்க்கிறேன் என்றாள். பார்த்துவிட்டும் வந்தாள், டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு வயசாகுதுல்ல என்று சிரித்தாள், அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் துருவிக் கேட்கவில்லை, கண் சரியில்லை என்றால் விட்டுவிட வேண்டியதுதான் என்று அப்பா பத்திரிகைக்குப் பின்னாலிருந்து தீர்ப்புச் சொன்னார், அக்கா விட்டுவிட்டாள். முப்பத்தெட்டு வயதில், ஒரு வார்த்தை பேசாமல். இப்போது மட்டைக்கு நரம்பு கட்டிக்கொடுக்கிறாள், இதோ இவள் கையில் இருக்கிற மட்டைகூட அவள் கட்டியதுதான், நேற்றுச் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாளே, குண்டூசித் தலை அளவு ஓட்டையில் நரம்பை ஒரே தடவையில் கோர்த்து, இழுத்து, அடுத்த ஓட்டை, அடுத்த ஓட்டை... கண்ணாடி இல்லாமல். கண்ணாடியே வாங்கவில்லையே அவள். பார்த்துக்கொண்டேதான் இருந்தாள் சின்னவள், பார்த்துக்கொண்டே தேநீரைக் குடித்துவிட்டுச் சீக்கிரம் முடி என்று சொல்லிவிட்டு வந்தாள்.

போன வருஷம்தான் சின்னவள் ஓர் ஆணோடு ஜோடி சேர்ந்து கலப்பு இரட்டையரும் ஆடத் தொடங்கினாள். காலையில் அக்காவோடு வீட்டுச் சைகை, மாலையில் அந்த ஆளோடு ஊரார் சைகை, ஒரு தடவைகூடக் குழம்பியதில்லை என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தாள், என் மூளை அப்படி என்று. யார் சொன்னது குழம்பவில்லை என்று? முதுகுக்குப் பின்னால் இருக்கிற கையை அவள் எங்கே பார்த்தாள், அதைப் பார்க்க முடிந்தவள் ஒரே ஒருத்தி, அந்த ஒருத்தி நெஞ்சில் தட்டிக்கொண்டு என் தப்பு என்று சொல்லிவிட்டால் உலகத்தில் வேறு சாட்சி ஏது? எல்லாமே இவள் கைதானா, பாதியாவது அக்காவின் கண்தானா... பாதியாவது இருக்கக் கூடாதா. அக்கா ஏன் சொல்லவில்லை, ஒரு தடவை, அந்த அறையில் அத்தனை பேர் முன்னால், கண்ணெல்லாம் நன்றாக இருக்கிறது, உன் கையைப் பார் என்று ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று அக்காவுக்குத் தெரியும். நீதான் சரியா பார்க்கல. சற்று முன்னால் நெட்டையிடம் வந்த அதே பதில், அச்சு அசலாக.

நெட்டை பந்தோடு நின்றுகொண்டிருந்தாள், உதட்டை மட்டைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் போடட்டும்கா என்று கேட்டாள். நடுவில் போடு, நான் பாய்கிறேன் என்று சின்னவள் சொன்னாள். அவ்வளவுதான் பேச வேண்டியது, பேசியாகிவிட்டது, திரும்பி நடந்தாள். பன்னிரண்டு. இந்தத் தடவை வலைக்கு இடது பாதி. எதிரே குதிரைவால்காரியின் ஜோடி குனிந்து ஆடிக்கொண்டு நின்றாள், பந்துக்காகக் காத்திருக்கிறவள் எல்லோரும் அப்படித்தான் ஆடுவார்கள், தொட்டில் மாதிரி. சின்னவள் முழங்காலை மடித்தாள், கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள், கொண்டுபோன கை காட்ட வேண்டியதைக் காட்டவில்லை, விரல்களெல்லாம் மரத்துப்போய்த் தொங்கின. பின்னால் பந்து தரையில் தட்டும் சத்தம், ஒன்று, இரண்டு... நெட்டை தட்டுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். சொல்லாமல் இந்தப் புள்ளியை ஆடிவிடலாம். ஜெயித்தும்விடலாம், நெட்டைக்கு நல்ல சர்வீஸ், ஜெயித்தால் போன புள்ளியை யார் ஞாபகம் வைத்திருக்கப்போகிறார்கள், நெட்டை ஒருவேளை தங்கிவிடுவாள், தங்கினால்... தங்கினால் அவளும் ஒரு நாள் நெஞ்சில் தட்டத் தொடங்குவாள்.

கடிகாரத்தில் எட்டு இருக்கும்போது திரும்பி ஓடினாள். பார்வையாளர்களில் யாரோ சிரித்தார்கள். அப்பா கட்டிய கையைப் பிரித்தது கண்ணோரத்தில் தெரிந்தது. நெட்டைக்கு முன்னால் போய் நின்று, மட்டையால் வாயை மறைக்கக்கூட மறந்து, சொன்னாள்.

"போன தடவை என் தப்பு. மூடித்தான் காட்டினேன்."

"தெரியும்க்கா," என்றாள் நெட்டை, பந்தின் ரோமத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே. "என் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

இருப்பாளா போவாளா என்று அந்த முகத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை. நாலு. நடுவர் ஒலிவாங்கியை நோக்கிக் குனிந்தார். சின்னவள் ஓடி வந்து வலைக்கருகில் நின்றாள், வலது கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து ஒரு தடவை விரித்துப் பார்த்தாள், நரம்பு புடைத்த, காய்ப்பு ஏறிய, முப்பத்து நாலு வருஷம் கூடவே இருந்த கை, இப்படித்தான் இருக்கிறதா இது... மட்டையை இடது கையிலிருந்து வாங்க வேண்டும், அதற்குள் இதைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். மூன்றாவது வரிசையை இங்கிருந்து பார்க்க முடியாது, அது முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. விரித்த விரல்களை முதுகில் வைத்தாள், விரித்துத்தான் இருக்கிறதா என்று கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அக்காவுக்கு இது பாயப்போகிறேன் என்றா தெரியும், நிற்கிறேன் என்றா? பின்னால் பந்து தரையில் தட்டும் சத்தம் நின்றது, பந்து மேலே போனது.