பக்கிளுக்கு என்ன சோலி?

தாராவியில் இசக்கிராஜின் தோல்பைப் பட்டறைக்கு மேல்வீடு எங்களுடையது. ஏணி அவன் வாசலிலேயே இறங்குகிறது. காதைப் பொத்திக்கொண்டா இறங்க முடியும்?

அவன் ஆபீஸ் பை தைத்துக் கொடுப்பது காட்கோபர் கடைக்கார நயினார் அண்ணாச்சிக்கு மட்டும்தான். அவர் திடீரென்று விலையைக் குறைக்கச் சொல்லிவிட்டார். பை உழைக்கிற காலமும் குறையக்கூடாதாம். முடியாதென்றால் ஆர்டர் மான்குர்த் பட்டறைக்காரனுக்குப் போய்விடும். அப்புறம் பட்டறைக்குப் பூட்டுதான்.

இசக்கிராஜ் ஊரே செய்வதைத்தான் செய்தான். வெளி மினுக்கைத் தொடாமல் உள்ளே கைவைத்தான். அடியில் வைக்கிற கெட்டி அட்டை மெலிந்தது, தோள்வாருக்குள் மறைத்துத் தைக்கும் நாடா காணாமல் போனது.

அந்தப் பை தாங்குமென்று அவன் பெண்டாட்டி பொன்செல்வி நம்பவில்லை. புதுப் பைக்குள் தண்ணீர் கேனை வைத்து ஏணியில் தொங்கவிட்டாள். வழி அடைபட்டு, காய்கறிப் பையோடு நான் கீழேயே நிற்க வேண்டியதாயிற்று. அதில் எனக்கொன்றும் வருத்தமில்லை. மதியத்துக்குள் வார் பிய்ந்து, கேன் விழுந்து, தண்ணீர் என் செருப்பை இழுத்துக்கொண்டு சாக்கடைக்குப் போனது.

"பொறவு எதைத்தான் குறைக்கச் சொல்லுத?" என்றான்.

அவள் பழைய பையை மடியில் போட்டு ஒவ்வொன்றாகத் தொட்டாள். "அட்டை சுமக்குது. நாடா தாங்குது. முன்னால இந்த ரெண்டு பித்தளை பக்கிளுக்கு என்ன சோலி?"

அவன் எட்டிப் பையைத் திறந்து மூடிப் பார்த்தான். பையை மூடுவது உள்ளே ஒளிந்திருக்கும் காந்தம்.

"உங்க தம்பி மாதிரி. மினுக்கிக்கிட்டு நிக்கதோட சரி."

பக்கிள், அதற்கான வார், அந்தத் தையல் எல்லாம் போயின. அட்டையும் நாடாவும் திரும்பி வந்தன. கணக்கு அண்ணாச்சி கேட்ட விலைக்கே வந்து நின்றது. மறுபடி தொங்கிய கேன் மறுநாளும் அசையாமல் தொங்கியது.

அண்ணாச்சி வந்தார். பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பக்கிள எங்கவே?"

இசக்கிராஜின் முகம் செத்துவிட்டது. நான் கறிவேப்பிலை உருவுவதை நிறுத்தினேன்.

பொன்செல்விதான் கேட்டாள். "உங்க தோள்ல கெடக்கதும் நம்ம பைதான அண்ணாச்சி? அதுல பக்கிள என்னைக்காவது கழட்டியிருக்கியளா?"

அவர் குனிந்து பார்த்தார். பக்கிள்மேல் பட்டறையில் ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் தாள்கூட இன்னும் உரியவில்லை.

ஏணியில் தொங்கிய பையை ஒருதரம் இழுத்துப் பார்த்தார். "சரி, இப்படியே தைங்க."

இசக்கிராஜ் விட்ட மூச்சு மேல்வீடு வரை கேட்டிருக்கும். அவன் கேனை இறக்கி வழிவிட்டான். ஏறிப் போயிருக்கலாம்தான், ஆனால் அண்ணாச்சிக்கு டீ சொல்லியிருந்தார்கள்.