பனி ஒப்பந்தமும் ஒரு சாமத்தியவீட்டுக் கார்டும்

என் வாய்க்குப் பூட்டுப் போட வேண்டும் என்று அம்மா சின்ன வயதிலேயே சொன்னாள். போடவில்லை. அதன் பலனை இப்போது என் தங்கச்சி குடும்பம் அனுபவிக்கிறது.

தங்கச்சி றொஷினியின் கணவர் வலன்ரைன் எங்கள் நகரசபை உறுப்பினர், நிதிப் பொறுப்பாளர். மொன்றியல் தீவில், பியர்பொன்ட்ஸுக்கு அங்கால் இருக்கிற குட்டி நகரம் எங்களுடையது. 2005 தேர்தலில் நாற்பத்தொரு வாக்கால் வென்றார். தேர்தல் வேலை முழுக்க இந்த எமிலியானுஸ்தான். பூசை முடிந்து வருகிற சனத்தைக் கோயில் வாசலிலேயே மறித்து, வான் வண்டியில் ஏற்றி, வாக்குப் போடக் கொண்டுபோனேன். மன்னாரில் கணக்கு வாத்தியாராக இருந்த மனுசன் நிதிக் குழுவின் தலைமைக் கதிரையில் அமர்ந்தபோது, அவரைவிட நான்தான் கூடப் பெருமைப்பட்டேன்.

இரண்டு வருடம் சத்தமில்லாமல் போனது. 2007 மார்கழியில் பனி அள்ளும் ஒப்பந்தக் கோப்பு அவருடைய மேசைக்கு வந்தது. பழைய கொம்பனிக்கே இன்னும் ஐந்து வருடம் கொடுப்பதா, புதிதாக டெண்டர் கோருவதா என்று மாசி மாதக் கூட்டத்தில் அவர் சிபாரிசு செய்ய வேண்டும். அவர் சொல்வதைத்தான் சபை கேட்கும்.

"பக்கத்து ஊரில எடுக்கிறதைப்போல இரண்டு மடங்கு எங்களிட்ட எடுக்கிறாங்கள், மச்சான். பதினைஞ்சு வருசமா ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. நான் டெண்டர்தான் கேக்கப் போறன்," என்றார்.

"கேளும், விடாதையும்!" என்று நானும் உசுப்பேத்தினேன்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அவர்களுடைய ஒரே மகள் அனோஜினி பெரியபிள்ளையானதற்கு வைக்கிற சாமத்தியவீட்டுக்குக் கார்டில் பெயர் எழுதிக்கொண்டு தங்கச்சி வீட்டில் தனியே இருந்தேன். தாய்மாமன் அல்லவா, எழுத்து வேலை என்னுடையது. மற்றவர்கள் சாறி எடுக்கப் போயிருந்தார்கள். மணி அடித்தது. சாம்பல் கோட் போட்ட ஒரு வெள்ளைக்காரர். பெயர் ஜில் என்றார், வலன்ரைனை நகரசபை வேலையாகத் தெரியும் என்றார். நல்ல மரியாதை. உள்ளே கூப்பிட்டுக் கோப்பி கொடுத்தேன்.

டாக்சி ஓடிப் பழகிய பிரெஞ்சில் நான் வெளுத்து வாங்கினேன். கார்டில் இருந்த அனோஜினியின் படத்தைப் பார்த்து யார் என்று கேட்டார். எங்கள் செல்லம் என்றேன். கெட்டிக்காரி, வயலின் படிக்கிறாள், செவ்வாயும் வெள்ளியும் வகுப்பு முடிந்து தானே தனியாக நடந்து வருவாள் என்றேன். கேட்காததையும் சொன்னேன். கார்ட் விரித்துக் கிடக்கிற வீட்டுக்கு வந்த மனுசரை வெறுங்கையோடு அனுப்பலாமா? அவருடைய பெயரையும் எழுதி ஒரு கார்ட் கொடுத்தேன். வெள்ளைக்காரர் ஒருவர் விழாவில் இருந்தால் எங்களுக்கும் ஒரு எடுப்புத்தானே என்று நினைத்தேன். மடையன்!

சாமத்தியவீடு டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. வெளியே இடுப்பளவு பனி, உள்ளே நானூறு சனம். ஒவ்வொரு குடும்பமாக மேடையேறிப் பரிசு கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் ஜில் நின்றார். அவரைக் கண்டதும் வலன்ரைனின் முகம் சுண்டிப்போனது.

"பனி அள்ளுற கொம்பனிக்காரன். இவனுக்கு ஆர் கார்ட் குடுத்தது?" என்று பல்லுக்குள் கேட்டார்.

றொஷினி கணவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாத நேரமெல்லாம் திறந்த வாய்!

ஜில் மேடையேறி, மூன்று பவுணுக்குக் குறையாத சங்கிலி ஒன்றை அனோஜினியின் கழுத்தில் போட்டார். பிள்ளையின் கழுத்தில் விழுந்த பொன்னை அந்த மேடையிலேயே கழற்றுவது எவ்வளவு பெரிய அபசகுனம்! வலன்ரைன் கையை நீட்டிவிட்டு மடக்கிக்கொண்டார். அதற்குள் அறிவிப்பாளர், "எங்கள் நகரசபை நண்பருக்குப் பொன்னாடை!" என்று மைக்கில் முழங்கினார். எல்லாரும் கை தட்டினார்கள். வலன்ரைன் பொன்னாடை போர்த்தினார், கை கொடுத்தார், வீடியோ லைற்றைப் பார்த்துச் சிரித்தார். இறங்குவதற்கு முன் ஜில் பிள்ளையின் காதுக்குக் குனிந்து ஏதோ சொன்னார்.

சாப்பாட்டுக்குப் பிறகு, உடுப்பு மாற்றும் அறையில் அனோஜினி அழுதாள்.

"செவ்வாயும் வெள்ளியும் தனிய நடந்து வாறனியோ எண்டு கேட்டவர், பப்பா. அந்த றோட்டில பெரிய பனி வண்டியள் ஓடும், ட்ரைவருக்குச் சின்னப் பிள்ளையள் தெரியாது, கவனமா வா எண்டார்."

வலன்ரைன் சங்கிலியைக் கழற்றிக் கைக்குள் பொத்திப் பிடித்தார்.

"பொலிசுக்குப் போவம்," என்றேன்.

"போய் என்ன சொல்லுறது, மச்சான்? பிள்ளையைக் கவனமா வரச் சொன்னவர் எண்டோ? நான் பொன்னாடை போத்திச் சிரிக்கிறது வீடியோவில கிடக்கு."

அன்றிலிருந்து பிள்ளையை வகுப்பிலிருந்து நான்தான் காரில் ஏற்றினேன். பின்னால் எந்தப் பெரிய வண்டி வந்தாலும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு ஓட்டுவேன். ஒரு செவ்வாய், ஒரு பனி வண்டி எங்களுக்குப் பின்னாலேயே வீதி முடியும்வரை ஊர்ந்து வந்தது. அது தன் வேலையைச் செய்ததா, எங்களைத் தொடர்ந்ததா, இன்றுவரை தெரியாது.

மாசிக் கூட்டத்தன்று பார்வையாளர் வரிசையில் இருந்தேன். இரண்டு கதிரை தள்ளி ஜில். மேயர் கேட்டதும் வலன்ரைன் எழும்பினார். பழைய கொம்பனிக்கே ஐந்து வருடம் என்று பிரெஞ்சில் வாசித்தார். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உயிர் திரும்பி வந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் அவர் காரை ஓரம் கட்டினார்.

"கார்ட் குடுத்தது நீங்கள்தானே, மச்சான்?"

"ஓம்," என்றேன். "வயலின் கதையும் நான்தான் சொன்னனான். என்னை மன்னியும்."

"தெரியும். மேடையில கை குடுக்கேக்க ஜில் என்ர காதிலயும் சொன்னவர். உம்மட மச்சான் அருமையான மனுசன், ஒரு கோப்பி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள எல்லாத்தையும் சொல்லிப்போட்டார் எண்டு."

"அப்ப ஏன் என்னைப் பேசேல்லை? அடிச்சிருக்கலாமே!"

"பேசி என்ன செய்ய? இப்ப கூட்டம் முடிய அந்தாள் கூப்பிட்டுக் கதைச்சவர். அடுத்த வருசத் தேர்தலுக்கும் நான் நிக்க வேணுமாம். செலவு தங்கட பக்கமாம். தேர்தல் வேலையை நீங்கள்தான் செய்ய வேணுமாம்."

"விசரே உமக்கு? நான் மாட்டன்!"

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அனோஜினிக்கு இன்னும் நாலு வருசம் பள்ளிக்கூடம் கிடக்கு, மச்சான்," என்றார்.

நான் ஓம் என்றேன்.